சோர் பஜாரில் ஓர் ஊசி தேடி

மும்பை மாநகரின் முஹம்மது அலி சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்று, ஜே.ஜே. மருத்துவமனையை எட்டுவதற்குச் சற்று முன்னதாக மேற்கே பிரியும் சந்துகளில் புகுந்தால் சோர் பஜார் வந்துவிடும். ‘சோர்’ என்றால் திருடன். தொடக்கத்தில் இது ‘ஷோர் பஜார்’, அதாவது இரைச்சல் மிகுந்த கடைவீதி என்று வழங்கியதாகவும், வெள்ளைக்காரர் நாவில் அகப்பட்டுச் ‘சோர்’ ஆகிவிட்டதாகவும் அவ்வூரார் கூறுவர். எது மெய்யோ, நாம் கண்ட அளவில் இரைச்சலுக்குக் குறைவில்லை. கைவண்டிக்காரர்களின் கூவல், பித்தளையைத் தட்டும் ஓசை, பழைய மோட்டார் உறுப்புகளைப் பிரித்தெடுக்கும் சத்தம், இவற்றுக்கிடையே பள்ளிவாசலின் பாங்கொலி.

அடுத்துள்ள பெண்டி பஜாரின் பெயருக்கும் இரண்டு கதைகள் உண்டு. கிராஃபோர்டு சந்தைக்குப் பின்னால் இருந்தமையால் ஆங்கிலேயர் ‘பிஹைண்ட் தி பஜார்’ என்றனர், அதுவே திரிந்தது என்பது ஒன்று. மராத்தியில் ‘பெண்டி’ எனப்படும் பூவரச மரங்கள் இங்கு நிறைந்திருந்தன என்பது மற்றொன்று. பூவரசங் கதையையே நான் நம்ப விரும்புகிறேன். இன்று அங்கு மரங்கள் அரிது. 2009இல் தொடங்கிய மறுகட்டமைப்புத் திட்டத்தின்கீழ் 16 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் நின்ற சுமார் 250 பழங்கட்டடங்களுக்கு மாற்றாகப் பலமாடிக் கோபுரங்கள் திட்டமிடப்பட்டு, சில எழும்பியும் விட்டன.

இசை வரலாற்றிலும் இப்பகுதிக்கு ஓர் இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முராதாபாத் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சஜ்ஜூ கான், நசீர் கான், காதிம் ஹுசைன் கான் என்னும் சகோதரர்கள் வளர்த்த இந்துஸ்தானி இசைமரபு இன்றளவும் ‘பெண்டி பஜார் கரானா’ என்றே அழைக்கப்படுகிறது. முஹம்மது ரஃபி அவர்கள் 1940களில் பம்பாய்க்கு வந்த புதிதில் தங்கியதும் இங்குள்ள ஒரு சிறு அறையில்தான். அவருடைய இசைத்தட்டுகள் இன்று அதே வட்டாரத்தின் சந்துகளில் அடுக்கடுக்காக விற்பனைக்குக் கிடக்கின்றன.

நாங்கள் அங்கு சென்றது தட்டு வாங்குவதற்காக அன்று, ஓர் ஊசிக்காக.

என் சாச்சா இத்தெருக்களை நன்கறிந்தவர். 1969 முதல் 1980 வரை பதினோரு ஆண்டுகள் மும்பையில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவர். 2002இல் திறக்கப்பட்ட ஜே.ஜே. மேம்பாலம் மட்டுமே அவருக்குப் புதிது. அதை அண்ணாந்து பார்த்து, “தெருவுக்குக் கூரை போட்டு விட்டார்களே!” என்றார். 2023 ஜனவரியில் குடும்பத் திருமணம் ஒன்றிற்காக அவரை அழைத்துச் சென்றிருந்தேன். மீரா ரோட்டில் அவருடைய பேரன் வீட்டில் தங்கினோம். துபாயிலிருக்கும் அவர் மகன், மூன்று வேகங்களிலும் சுழலக்கூடிய புதிய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை அந்த வீட்டிற்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது அதை எடுத்துச் செல்வதென்று ஏற்பாடு.

சாச்சாவிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் உண்டு. பெரும்பாலானவை 2015இல் மறைந்த மர்ஹூம் நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் பாடல்கள் அடங்கிய பிற்காலத்துத் தட்டுகள். அவற்றின் அடியில், பழைய அரக்குத் தட்டுகள் நான்கு. நிமிடத்திற்கு 78 முறை சுழல்பவை. அந்நான்கில் ஒன்றிற்குப் பெயர்ச்சீட்டே இல்லை, பூச்சி அரித்துவிட்டது. என் பாட்டனார் உலகப்போருக்கு முன்பு ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாம் அது. வாப்பும்மா மாவாட்டும்போது முணுமுணுக்கும் பாட்டு அதில் இருக்கிறதென்று சாச்சா சொல்வார். முதல் அடி மட்டும் அவர் நினைவில் நிற்கிறது. பாடியவர் பெயரை அறிந்தவர் எவரும் இப்போது உயிரோடு இல்லை. சாச்சாவின் செவிப்புலனும் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. இனி அதிக காலம் தள்ளிப்போட முடியாதென்று அவருக்கே தோன்றிவிட்டது. எனவே அந்தத் தட்டை இரண்டு கைலிகளுக்கிடையே மடித்துவைத்து, மும்பை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அரக்குத் தட்டு கண்ணாடி போன்றது. கைதவறினால் சில்லுச் சில்லாகிவிடும்.

ஊரில் இத்தனை காலம் அதைக் கேட்க முடியாமற் போனதற்குக் காரணம், வீட்டிலிருந்த பழைய பெட்டிப் பிளேயர் ஊமையாகிவிட்டதுதான். கடற்கரை ஊர்களில் இது பல வீடுகளின் கதை. அக்காலத்து மலிவான பிளேயர்களின் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் சிறு உறுப்பு, ‘ரோஷல் உப்பு’ என்னும் படிகத்தால் ஆனது. வளைந்தால் மின்சாரம் பிறப்பிக்கும் அரிய பண்பு அப்படிகத்திற்கு உண்டு. ஆனால் பெயரிலேயே உப்பு இருக்கிறதல்லவா? ஈரக்காற்றையும் கடும் வெப்பத்தையும் அதனால் தாங்க முடியாது. பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் உள்ளுக்குள் படிகம் கெட்டுவிடும். மோட்டார் சுழலும், விளக்கு எரியும், பாட்டு வராது. உள்ளூரில் ஒரு பழுதுபார்ப்பவர் அதற்கு எங்கிருந்தோ ஓர் ஊசியை எடுத்து மாட்டி, ஒலி வராத குறையைப் போக்க அதன்மேல் ஒரு நாணயத்தையும் ஒட்டிவைத்தார். ஒலி வரவில்லை. ஹனிபா அவர்களின் தட்டு ஒன்றில் உழவுசால் போல் வெண்கோடு விழுந்ததே மிச்சம். அன்றோடு சாச்சா மற்றத் தட்டுகளைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்.

துபாய்ப் பிளேயர் வந்ததும் பேரன் ஆர்வத்தோடு அந்த 78 தட்டை எடுத்து வைக்கப்போனான். “தொடாதே வாப்பா, ஊசியைக் கேட்டுக்கொண்டு வைப்போம்” என்று சாச்சா தடுத்துவிட்டார். சூடு கண்ட பூனை!

முதலில் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். மட்டன் ஸ்ட்ரீட்டின் பழம்பொருட் கடைகளுக்கு அன்றுதான் விடுமுறை. ஆயினும் வீதி வெறிச்சோடியிருக்கவில்லை. விடியற்காலையிலிருந்தே நடைபாதை முழுவதும் ஜுமுஆ பஜார் விரிந்துகிடந்தது. ஒற்றைச் செருப்பு, கைப்பிடியற்ற கெட்டில், நின்றுபோன கடிகாரம், எவருடைய திருமண ஆல்பமோ ஒன்று. ஒரு விரிப்பில் இசைத்தட்டு ஊசிகளும் இருந்தன. தகர டப்பாவில் எஃகு ஊசிகள். பக்கத்தில், காகிதத்தில் மடித்த பிளாஸ்டிக் துண்டு ஊசிகள். “அசல் வைரம்” என்றார் விற்றவர். எந்தக் கார்ட்ரிட்ஜுக்குரியது என்று கேட்டதற்கு, “எல்லாவற்றுக்கும்” என்றார். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஊசி உலகில் இல்லை என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டோம்.

சனிக்கிழமை கடைகள் திறந்திருந்தன. சோர் பஜாருக்குச் செல்வோர் கண்ணை முதலில் பறிப்பவை பித்தளைக் குழல் பொருத்திய கிராமபோன்கள். வாசல்தோறும் பொன்னிற ஊமத்தம் பூக்கள் போல் அவை மலர்ந்து நிற்கும். பெரும்பாலானவை அலங்காரத்திற்காக இன்று செய்யப்படுபவை. பழைய உறுப்புகளும் புதிய உறுப்புகளும் கலந்து உருவாக்கப்பட்டவை. சாச்சாவின் மனம் அவற்றில் ஒன்றில் சென்று ஒட்டிக்கொண்டது. சாவி கொடுத்து ஓட்டினால் தட்டு சுழன்றது, கரகரத்த ஒலியும் எழுந்தது. “மின்சாரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இதையே வாங்கிவிடுவோமா?” என்றார்.

அதைத் தடுத்தவர், எதிர்ச்சந்தில் ஒரு குறுகிய மாடிப்படிக்குக் கீழே இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாய். என் சாச்சாவை அவரும் ‘சாச்சா’ என்றே விளித்தார். உருதுக்காரருக்கும் நமக்கும் பொதுவான சொல்லாயிற்றே! தட்டை வாங்கி, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் பற்றிக்கொண்டு, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தார். “இதுபோல் வேறொன்று கிடைக்குமானால் குழல் கிராமபோனில் போடுங்கள். இது ஒன்றுதான் என்றால் வேண்டாம்” என்றார்.

அவர் சொன்ன காரணம் இது. பழைய கிராமபோனில் மின்சாரம் கிடையாது. ஊசியின் அதிர்வே நேராகக் காதுக்கு வரவேண்டும். அதற்காக நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தோடு ஊசி தட்டின்மேல் அழுந்தும். அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருப்பதும் அதனால்தான். அத்தூள் எஃகு ஊசியைத் தேய்த்துத் தேய்த்துத் தட்டின் பள்ளத்திற்கேற்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ஊசி தேயட்டும், தட்டு பிழைக்கட்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஒரு பக்கத்திற்கு ஓர் ஊசி என்று மாற்றவேண்டுமென்பது விதி. நம் வீடுகளில் யார் மாற்றினார்கள்? ஒரே ஊசியால் ஒரு பெருநாள் முழுவதும் பாடவைத்தார்கள். தட்டுகள் சாம்பல் நிறமாக வெளிறியது அப்படித்தான்.

“அப்படியானால் என் மகன் அனுப்பிய புதுப் பிளேயரிலேயே போடலாமா?” என்று சாச்சா கேட்டார். பேரன் அதன் கார்ட்ரிட்ஜை, அது பொருந்தியிருக்கும் முன்தலையோடு கழற்றி ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தான். பாய் அதைக் கையில் வாங்கியதும் புன்னகைத்தார். ஜப்பானின் ஆடியோ டெக்னிகா நிறுவனத்தாருடைய விஎம்95இ. பச்சை நிற ஊசி. “நல்ல சாமான்தான். ஆனால் இதுவும் இந்தத் தட்டுக்கு ஆகாது.”

இவ்விடத்தில் வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு கவனிக்க வேண்டும். பெட்டியில் பழைய தட்டு வைத்திருக்கும் எந்த வீட்டிற்கும் பயன்படக்கூடிய செய்தி இதுதான்.

1948இல் அமெரிக்காவில் அறிமுகமான லாங் பிளே தட்டின் பள்ளம் மிக நுண்ணியது. ஒரு பக்கத்தின் பள்ளத்தை நூல் போல் இழுத்து நீட்டினால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் வரும். அதில் ஓடும் உருண்டைமுனை ஊசியின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78 தட்டின் பள்ளமோ அகன்றது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரம் 65 முதல் 75 மைக்ரான் வரை. ஏறக்குறைய நான்கு மடங்கு! நுண்ணூசியை 78 தட்டில் வைத்தால், அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசிமண்ணில் தட்டுத் தடுமாறி ஓடும். பாட்டைவிட இரைச்சலே மிகுதியாக வரும், ஊசியும் கெடும். பெரிய ஊசியை லாங் பிளே தட்டில் வைத்தால் அதனினும் கேடு. அது பள்ளத்துக்குள் இறங்கவே இடமின்றி மேல்விளிம்புகளை நசுக்கிக்கொண்டு போகும். அந்தச் சேதத்தை எவராலும் சரிசெய்ய முடியாது.

இந்தியாவில் 78 தட்டுகள் 1960களின் நடுப்பகுதியைக் கடந்தும் வெளிவந்தன. ஆகவே நம் வீட்டுப் பெட்டிகளில் இருவகையும் கலந்தே கிடக்கும். அக்காலப் பிளேயர்களில் ஊசியைத் திருப்பிப்போட ஒரு சிறு நெம்புகோல் இருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு பக்கம் ‘78’ என்றும், மறுபக்கம் ‘எல்.பி.’ என்றும் எழுதியிருக்கும். இரண்டு ஊசிகள் முதுகோடு முதுகாக அமைந்தவை அவை. பிள்ளைகளாகிய நாங்கள் அதை விளையாட்டாகத் திருகுவோம். அதன் பொருள் எனக்குப் புரிய ஐம்பது ஆண்டுகளும் ஒரு மும்பைப் பயணமும் தேவைப்பட்டன.

பாயின் ஆலோசனை சுருக்கமானது. கார்ட்ரிட்ஜின் உடலை மாற்ற வேண்டாம். இவ்வரிசையில் ஊசிகளை மட்டும் இழுத்துக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். உருண்டை முனை, நீள்வட்ட முனை, இன்னும் நுண்ணிய வெட்டுகள் கொண்டவை, இவற்றோடு 78 தட்டுக்கென்றே ‘எஸ்பி’ என்னும் பருத்த ஊசியும் உண்டு. இசைத்தட்டுப் பித்தர்கள் விரும்பும் ‘மூவிங் காயில்’ வகையை வாங்கலாமா என்று பேரன் கேட்டான். அதன் மின்னொலி ஒரு மில்லிவோல்ட்டில் பாதிக்கும் குறைவு. சாதாரண வகை தருவது 4 மில்லிவோல்ட் அளவு. அதற்கு வேறு பெருக்கி வேண்டும். ஊசி தேய்ந்தால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். “இருபது தட்டுக்காக அரண்மனை கட்டாதீர்கள்” என்று பாய் கூறிவிட்டார். என் கருத்தும் அதுவே. இவ்விஷயத்தில் விலையைப் பார்த்து வாங்குவதைவிட, வீட்டிலிருக்கும் தட்டைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை. கீறல் விழுந்த பழைய தட்டுகளுக்கு மிக நுண்ணிய ஊசி வாங்குவோர், கீறலைத்தான் இன்னும் தெளிவாகக் கேட்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார். அமெரிக்க ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதன் பெயர் பொறித்த ‘புத்தம் புதிய’ ஊசியென்று எவராவது காட்டினால், அது பழைய இருப்பா, வேறொருவர் செய்த மாற்று ஊசியா என்று கேட்டறிந்து வாங்க வேண்டும். மாற்று ஊசிகளில் ஜப்பானின் ஜிக்கோ போன்றவர்கள் செய்யும் நல்லவையும் உண்டு. பெயரற்ற காகிதப் பொட்டலங்களை அவர் சீந்துவதேயில்லை.

நாங்கள் சென்றிருந்த நேரம் அவர் வேறொருவரின் பிளேயரில் புதிய கார்ட்ரிட்ஜைப் பொருத்திக்கொண்டிருந்தார். முக்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரம் அந்தக் கைத்திறனைப் பார்த்தோம். முதலில் ரசமட்டம் வைத்துப் பிளேயரைச் சமன்படுத்தினார். ஒரு காலுக்கடியில் மடித்த அட்டைத்துண்டு போயிற்று. பிறகு மயிரிழை போன்ற நான்கு கம்பிகள். வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்திற்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்திற்கு. அவற்றை விரலால் இழுக்காமல், முனை மழுங்கிய இடுக்கியால் செருகினார். இரண்டு திருகுகளுக்கும் இடைவெளி அரை அங்குலம். இது உலகம் முழுவதும் பொதுவான அளவாம். திருகுகளை முதலில் இறுக்கவில்லை. கோடுகள் அச்சிட்ட ஓர் அட்டையைச் சுழல்மேடையில் வைத்து, அதில் குறித்த இரு புள்ளிகளிலும் ஊசிமுனை சரியாக விழுமாறும், கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோட்டுக்கு இணையாக நிற்குமாறும் இழையிழையாக நகர்த்தினார். தட்டை வெட்டிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது; நம் பிளேயரின் கையோ ஒரு மூலையை மையமாகக் கொண்டு வளைந்து நகர்கிறது. இந்த வேறுபாட்டை முழுதும் நீக்க முடியாது. இரண்டு இடங்களில் சரியாக்கி, மற்ற இடங்களில் குறைக்கத்தான் முடியும். அதன் பிறகே திருகுகளை இறுக்கினார். ஒரு சிறு கண்ணாடித் துண்டின்மேல் ஊசியை இறக்கி, பிம்பமும் ஊசியும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கின்றனவா என்று எதிரிலிருந்து ஒற்றைக்கண்ணால் பார்த்தார்.

பாரம் வைப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்றார் அவர். கையின் பின்புறத்திலுள்ள எதிர் எடையைச் சுழற்றி, கை காற்றில் தராசுக்கோல் போல் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்நிலையில் எண் வளையத்தைப் பூச்சியத்தில் வைத்து, பின்பு எடையைத் திருகி வேண்டிய கிராமுக்கு வரவேண்டும். பச்சை ஊசிக்கு 2 கிராம். 78 ஊசிக்கு 5 கிராம். “பாரத்தைக் குறைத்துவிட்டால் தட்டு தேயாதல்லவா?” என்றேன். மறுத்துத் தலையசைத்தார். பாரம் குறைந்தால் ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் சுவரைச் செதுக்கும். தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே வைப்பதுதான் தட்டுக்குப் பாதுகாப்பு. நாணயம் ஒட்டிய எங்களூர் வைத்தியத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சாச்சா சொல்லிவிட்டார். கடையே சிரித்தது.

எஸ்பி ஊசி அவரிடம் இருப்பில் இல்லை. வரவழைக்கச் சொல்லிவிட்டு, தட்டைக் கழுவும் முறையைக் கேட்டுக்கொண்டு திரும்பினோம். அரக்குத் தட்டில் ஸ்பிரிட்டோ, ஸ்பிரிட் கலந்த எந்த நீர்மமோ படக்கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள்? தட்டும் அவ்வாறே கரைந்து பாழாகும். காய்ச்சி வடித்த நீரில் மென்துணியை நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். மையத்துச் சீட்டு நனையக்கூடாது. எங்கள் தட்டுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

ஐந்து நாட்கள் கழித்து ஊசி வந்தது. மீரா ரோடு வீட்டில் அன்று மாலை பேரனும் நானும் வேலையில் இறங்கினோம். பச்சை ஊசியைக் கழற்றுவதும் புதியதைச் செருகுவதும் ஒரு நிமிட வேலை. பாரம் வைப்பதில் ஒரு சிக்கல் எழுந்தது: எங்கள் பிளேயரின் எண் வளையத்தில் 4 கிராம் வரைதான் குறியீடு. அதைத் தாண்டி மேலும் சிறிது சுழற்றி, ஊசிக்கென்று விற்கும் சிறு மின்னணு எடைமானியில் முனையை இறக்கிப் பார்த்தோம். 4.6 காட்டியது. இன்னும் சற்று. 5.0. ஒலிபெருக்கியில் ‘மோனோ’ விசையை அழுத்தினோம். பழைய 78 தட்டுகளில் ஒலி பள்ளத்தின் பக்கவாட்டு வளைவுகளில் மட்டுமே இருக்கும். மேலும் கீழுமான அசைவு முழுக்க இரைச்சலே. இரு பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காசில்லாமல் கிடைக்கும் பெரிய நன்மை இது. உச்ச ஒலியைக் கூட்டும் திருகையும் சிறிது ஏற்றினோம். இன்றைய கருவிகள் 1954இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஒலிச்சமன் முறைக்கேற்பச் செய்யப்பட்டவை. அதற்கு முந்திய தட்டுகள் அவற்றில் சற்று மந்தமாகவே ஒலிக்கும்.

முதலில் சோதனைக்காகச் சோர் பஜாரில் வாங்கிய ஒரு பயனற்ற 78 தட்டை ஓட்டிப் பார்த்தோம். இவ்வழக்கத்தை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். ஒற்றைத் தட்டு வைத்திருப்பவர் அதில் ஊசியைப் பழக்கக்கூடாது. பாட்டு தடுமாறவில்லை, ஊசி சறுக்கவில்லை. அதன் பின்னரே சாச்சா கைலி மடிப்பிலிருந்து தமது தட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் கை நடுங்கியதால் பேரன் வாங்கி வைத்தான். கைபேசியில் பதிவுசெய்யும் ஏற்பாடு போதாதென்று, பிளேயரிலிருந்து கணினிக்கு நேராகக் கம்பி இணைத்து, பதிவைத் தொடங்கிய பின்பே ஊசியை இறக்கினோம். இன்னொரு முறை தட்டு தாங்குமோ என்னவோ!

சர்ரென்ற இரைச்சல். அதனூடே சுழற்சிக்கு ஒருமுறை ‘டக்’கென்ற வெட்டு, விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் உள்நோக்கிப் போயிருக்க வேண்டும். பின்பு ஆர்மோனியம். பிறகு ஒரு பெண்குரல். தமிழ்தான். முதல் அடி சாச்சா சொன்னதேதான். இரண்டாம் அடியில் பாதி இரைச்சலில் அமிழ்ந்தது. நானும் பேரனும் முன்னே குனிந்து, சொற்களைப் பிடிக்க முயன்றோம். மூன்றாம் அடியில் ஒரு சொல், நான்காம் அடியில் இரண்டு.

மூன்று நிமிடங்களில் பாட்டு முடிந்தது. பேரன் ஊசியைத் தூக்கினான். “விரிசல் ஓசை அதிகமாக இருக்கிறது அப்பா, கணினியில் போட்டு நீக்கிப் பார்க்கிறேன். பாதிச் சொல் புரியவில்லை” என்று வருத்தத்தோடு கூறினான்.

சாச்சா அவனை வியப்போடு பார்த்தார். முதுமையில் முதலில் மங்குவது கூரிய ஒலிகளைக் கேட்கும் திறன் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. தட்டின் இரைச்சலில் பெரும்பகுதி அந்தக் கூரிய ஒலிகளே. எங்கள் காதில் விழுந்த இரைச்சல் அவர் காதை அவ்வளவாக எட்டவேயில்லை போலும்.

“என்ன இரைச்சல்? தெளிவாகத்தானே பாடுகிறார்!” என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எங்களுக்குப் பிடிபடாத இரண்டாம் அடியை முழுவதும் சொன்னார். பேரன் காகிதம் தேடி ஓடினான். மூன்றாம் அடியையும் அவர் சொல்லத் தொடங்கியிருந்தார்.

தட்டைத் திருப்பிப் போட்டோம்.